ஃபிரேயாவின் இடது முன்னங்கால்

1

டென்மார்க் பாஸ்போர்ட் என் கைக்கு வந்து சேரப் பன்னிரண்டு வருஷம் எடுத்தது. மொழிப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டேன். கொழும்பிலிருந்து பிறப்புச் சான்றிதழ் எடுப்பித்து, அதை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் உண்மையான மொழிபெயர்ப்பாளர்தான் என்று இன்னொரு கடிதமும் எடுப்பித்து, கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோர் வாசலில் இலக்கத் துண்டோடு எத்தனை காலை குந்தியிருந்தேன் என்று எனக்கே மறந்துபோயிற்று. ஃபிரேயாவுக்குப் பிறந்த வருஷமே பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. பரீட்சையும் இல்லை, நேர்முகமும் இல்லை. ஃபிரேயா எங்கள் வீட்டுக் குதிரை. இந்த நாட்டில் குதிரைகளுக்கும் பாஸ்போர்ட் உண்டு.

குதிரை என்றதும் ஊரில் வாசிக்கிறவர்கள் கண்ணை விரிக்க வேண்டாம். எங்களிடம் மாளிகையும் இல்லை, வண்டியோட்டியும் இல்லை. நான் முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்கிறேன். கணவர் சிவா பேக்கரியொன்றில் மா பிசைகிற மெஷினோடு மாரடிக்கிறார். கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனையில், நம் பிள்ளைகளைப் பியானோ வகுப்புக்கு அனுப்புகிறதுபோல இந்தச் சின்ன ஊரில் பெண்பிள்ளைகளைக் குதிரைக்கு அனுப்புவார்கள். எங்கள் மகள் ஷாமினி வகுப்போடு நிற்காமல் குதிரையையும் கேட்டாள், அவ்வளவுதான்.

நேற்று கொட்டாஞ்சேனையிலிருந்து அக்கா படம் அனுப்பியிருந்தாள். சாந்த லூசியாள் திருநாள். அக்காவின் மூன்று பிள்ளைகளும், மருமக்களும், பேரப்பிள்ளைகளும் கோயில் படியில் அடுக்கியிருந்தார்கள். ஒருத்தரும் வெளிநாடு போகவில்லை. ஒருத்தன் வத்தளையில், மற்ற இருவரும் அதே வீட்டின் மேல்மாடியில். மேலே நடக்கிற சத்தத்தில் தலையிடிக்கிறது என்று அக்கா வாரத்துக்கு ஒருமுறை எனக்கு முறைப்பாடு சொல்வாள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும். நேற்று அவள், உங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டாள். குதிரைக்குக் கால் சரியில்லை என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரைக்கேறிவிட்டது.

சிரிக்கட்டும். ஐம்பத்தி மூன்று வயதில் நான் ஒரு குதிரையின் காலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

2

எப்படி வந்த வினை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஷாமினி இங்கேயே பிறந்தவள். பதினாலு வயதில் குதிரை வேண்டுமென்று மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். சவாரிப் பள்ளியில் ஒதுக்கிவிட்டிருந்த இந்தப் பழுப்பு நிறக் குதிரை வந்தது. பிள்ளைக்கு வயது காணாது என்றபடியால் பாஸ்போர்ட்டில் உரிமையாளர் என்று சிவாவின் பெயரைப் போட்டார்கள். ஊரின் எல்லையில் கிர்ஸ்டன் என்கிற மனுஷியின் லாயத்தில் அதை விட்டிருக்கிறோம். கிர்ஸ்டன் குறைவாகப் பேசுவாள், சேற்றுச் சப்பாத்தைக் கழற்றி நான் பார்த்ததில்லை. சைக்கிளில் பத்து நிமிஷத் தூரம்.

போன வருஷம் ஷாமினி கட்டடக்கலை படிக்கக் கோபன்ஹேகன் போய்விட்டாள். ரெயினில் நாலு மணித்தியாலம். குதிரை எங்களோடு தங்கிவிட்டது.

லீவுக்கு வந்தால் முதலில் ஃபிரேயாவைத்தான் பார்க்கப் போவாள். பையைக்கூட உள்ளே வைக்க மாட்டாள். நான் இடியப்பம் அவித்து, சொதி வைத்து, ஜன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் இரண்டு மணி நேரம் கழித்து வைக்கோல் மணத்தோடு வந்து, ஆறிப்போனதைத் தின்றுவிட்டு, நல்லாயிருக்கு என்று டேனிஷில் சொல்லுவாள். அந்த வயதில் நான் கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் முகத்தைத் தேடினேனா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் நான் வேறொரு மிருகத்தின் முகத்தையும் தேடவில்லை.

3

போன ஆடி மாதம் லீவுக்கு வந்தபோது ஃபிரேயாவின் கால்காப்பு பிய்ந்திருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குதிரையின் முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பும் அதன் பின்பக்கத்தில் தசைநாணும், மேலே தோலும் மட்டும்தான். இவ்வளவு பெரிய உடம்பை அந்தக் குச்சியில்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வேகத்தில் பின்கால் குளம்பு முன்காலில் அடித்தால் நாண் போய்விடும். அதற்காக முன்னங்காலில் ஒரு காப்பைச் சுற்றி மாட்டுவார்கள். இங்கே அதற்குக் கமாஷர் என்று பெயர். கட்டை தாண்டுகிற குதிரைக்கு முன்பக்கம் திறந்த காப்பு, காலில் கட்டை பட்டால் அதற்குத் தெரிய வேண்டுமாம். சும்மா ஓடுகிற குதிரைக்குச் சுற்றிவர மூடின காப்பு. குளம்புக்கு மேலே குதியைக் காக்க மணி மாதிரி ரப்பர் ஒன்று. ஏதாவது நொந்த காலுக்கு, லாயத்தில் நிற்கிற நேரம் சுற்ற, பஞ்சு வைத்த பண்டேஜ். இவ்வளவும் நாலு கால் உள்ள ஒன்றுக்கு.

ஷாமினி நாடாவால் அளந்து, நீளம் இவ்வளவு, சுற்றளவு இவ்வளவு, சைஸ் நடுத்தரம் என்று துண்டில் எழுதி என்னிடம் தந்தாள். கடை என் வேலைத்தலத்துக்குப் பக்கத்தில். அப்பாவிடம் கொடுக்காமல் என்னிடம் தந்தாள் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குதிரை விஷயத்தில் என்னிடம் அவள் கேட்ட முதல் காரியம் அது.

கடையில் அரை மணித்தியாலம் நின்றேன். பிளாஸ்டிக் ஓடு வைத்தது, தோல், வேர்வை பிடிக்கிற ரப்பர் என்று சுவர் நிறையத் தொங்கின. கடைக்காரப் பிள்ளை, குதிரை என்ன வேலை செய்கிறது என்று கேட்டாள். என்னைப் பார்த்து இந்த நாட்டில் கேட்கிற அதே கேள்வி. உள்ளே ஆட்டுரோமம் வைத்து மெத்தென்று இருந்த ஒரு சோடியை எடுத்தேன். அதில் நடுத்தரமும் இருந்தது, பெரியதும் இருந்தது. என் கை பெரியதுக்குப் போயிற்று.

ஏன் போயிற்று என்று ஊரில் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்க முதல் அம்மா அக்காவையும் என்னையும் சப்பாத்துக் கடைக்குக் கூட்டிப்போவா. கடைப் பையன் காலை அளந்து அளவான சோடியைக் கொண்டுவந்து மாட்டுவான். அம்மா பெருவிரலை அமத்திப் பார்த்துவிட்டு, "லொக்கு எகக் தென்ன மல்லி," என்பா சிங்களத்தில். பெரியதாகத் தா தம்பி. பையன் சிரித்துக்கொண்டே உள்ளே போவான், அவனுக்கும் இது தெரியும். வருகிற தாய்மார் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். நுனியில் பஞ்சு அடைத்துப் போடுவோம். பஞ்சு எடுக்கிற அளவுக்குக் கால் வளரும்போது அடி தேய்ந்து போயிருக்கும். பதினாறு வயது வரை என் அளவான ஒரு பொருளை நான் உடம்பில் போட்டதேயில்லை. வளர்கிற ஒன்றுக்கு அளவாக வாங்குகிறவள் விசரி என்றுதான் என் கைக்குத் தெரியும்.

ஷாமினி மாட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் லூசா இருக்கிற மாதிரி என்றாள். இறுக்கிக் கட்டினால் சரியாக வரும் என்று நான்தான் சொன்னேன். அவள் பட்டியை அந்தம் வரை இழுத்துக் கட்டினாள். என்னை நம்பினாள், பாவி நான்.

அடுத்த நாள் சவாரி போனாள். மழை பெய்த வயல். ரோமம் தண்ணீரைக் குடித்துப் பாரமாகி, இடது காப்பு வழுகிக் குளம்பு வரை இறங்கியிருக்கிறது. பின்கால் அதை மிதித்திருக்கிறது. ஃபிரேயா முகம் குப்புற விழப்போய், எப்படியோ எழும்பிவிட்டது. ஷாமினிக்கு ஒன்றும் இல்லை. ஃபிரேயா இடது முன்காலை நிலத்தில் வைக்க மாட்டேன் என்று நின்றது.

லாயத்தில் காப்பைக் கழற்றி உள்ளே தைத்திருந்த சைஸ் துண்டை வாசித்தாள் ஷாமினி. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நான் எழுதித் தந்தனான்தானே."

வளர்ந்தாலும் போடலாம் என்று நினைத்து வாங்கினேன் என்று சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே அது கேவலமாக இருந்தது.

அவள் டேனிஷுக்கு மாறினாள். "அவளுக்கு ஒன்பது வயது," என்றாள். குதிரை ஐந்து, ஆறு வயதோடு வளர்ந்து முடிந்துவிடும். கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் முடிந்திருக்கும்.

4

நாண் அறவில்லை, இழுபட்டிருக்கிறது என்றார் மிருக டொக்டர். ஒவ்வொரு நாளும் இருபது நிமிஷம் குளிர்தண்ணீர் பிடிக்க வேண்டும். பிறகு பஞ்சு வைத்துப் பண்டேஜ். எல்லாச் சுற்றும் ஒரே இறுக்கம். ஓரிடத்தில் கூட இறுகினால் அதுவே நாணைக் கெடுக்கும், ஒரு விரல் உள்ளே போய்வர வேண்டும். இவ்வளவையும் சிவா கொப்பியில் எழுதினார். வெள்ளவத்தையில் கணக்காளர் பரீட்சைக்குப் படித்த மனுஷன், எழுதாமல் ஒன்றும் செய்யத் தெரியாது.

வீட்டில் இருந்து பழகினார். சாப்பாட்டு மேசைக் கதிரையின் காலில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். எட்டு மணித்தியாலம் குசினியில் நின்று, நரம்பு புடைத்து, டொக்டர் தந்த இறுக்க மேஸ் காலுறையை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு. என் கால் அங்கேதான் இருந்தது. மனுஷன் கதிரையின் காலைத்தான் பிடித்தார்.

ஷாமினி லீவு முடிந்து கோபன்ஹேகன் திரும்பினதிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மணிக்கு லாயத்துக்கு வீடியோ கோல் எடுத்தாள். அப்பாவுக்கு. காலைக் காட்டச் சொல்லிப் பார்ப்பாள், இரண்டு காலையும் தொட்டு எது சூடு என்று சொல்லச் சொல்லுவாள். பிறகு தண்ணீர் பிடிக்கிற இருபது நிமிஷமும் போன் கம்பியில் சாய்ந்திருக்கும், இரண்டு பேரும் கதைப்பார்கள். அந்த இருபது நிமிஷம் அரை மணியாகும், முக்கால் மணியாகும்.

அதற்கு முதல் வருஷம் முழுக்க அவள் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து நிமிஷம் தந்தவள்.

சிவா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே செய்தி வாசிப்பார். ஷாமினி தலைமயிரை வெட்டிவிட்டாளாம். அறையில் இருந்த பிள்ளை மாறிப்போனாளாம், புதுப் பிள்ளை ஜேர்மன்காரியாம். ஷாமினிக்கு இரண்டு நாள் காய்ச்சலாம், இப்போது சுகமாம். நான் பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மாறின பிறகு, குதிரைச் சாணி ஒட்டின மனுஷன் சொல்லி நான் கேட்கிறேன். என்னைக் கேட்டாளா என்று ஒவ்வொரு நாளும் கேட்க வாய் உன்னும். ஒருநாள் கேட்டும் விட்டேன். சிவா கொஞ்சம் யோசித்து, "ஓம், கேட்டவள்," என்றார். யோசித்ததிலேயே பொய் தெரிந்தது.

அதிலிருந்து எனக்கு அந்தக் குதிரையைக் கண்ணில் காட்டக் கூடாது. பெரிய கண்ணும் அதுவுமாக, ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் வளைத்துப் போட்டுவிட்டது. எனக்கும் ஒரு கால் முறிந்தால் ஆறு மணிக்குக் கோல் வருமோ என்றுகூட ஒருநாள் படியில் நின்று யோசித்தேன். யோசித்துவிட்டுக் கைபிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

5

கார்த்திகை கடைசியில் சிவா கொழும்பு போக வேண்டி வந்தது. வெள்ளவத்தை வீட்டு உறுதிப் பத்திரத்தில் சகோதரர் எல்லாரும் நேரில் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு வாரம் என்று போனவர் மூன்று வாரமாகிவிட்டது. ஒருநாள் கந்தோர் ஐயா லீவு, மற்ற நாள் ஐயா இருக்கிறார், முத்திரை இல்லை. சிங்களத்தில் கதைக்கப் போய் நடுவில் டேனிஷ் வந்துவிட்டதாம். கிளார்க்குக்கு நன்றி சொல்ல "தக்" என்றாராம். கிளார்க் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டானாம். இங்கே டேனிஷ்காரனுக்குச் சிங்களத்தில் "ஹரி, ஹரி", சரி சரி என்று தலையாட்டுகிற மனுஷன் அங்கே போய் அப்படி.

போக முதல் பண்டேஜ், பஞ்சு, கொப்பி எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்தார்.

"லேசாச் சுத்தினாக் காணும், ரீட்டா. பிள்ளைக்குக் காட்டத்தானே."

விளங்காமல் தலையாட்டினேன். என் காதில் விழுந்தது ஆறு மணி என்பது ஒன்றுதான்.

முதல் நாள் வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு லாயத்துக்குப் போனேன். கோல் வந்தது. "அம்மா, கீழ பிடியுங்கோ," என்றாள் ஷாமினி. காலைக் காட்டினேன். "இன்னும் கீழ." காட்டினேன். எது சூடு என்று கேட்டாள். குதிரையின் காலை நான் ஆயுளில் தொட்டதில்லை. எனக்குப் பயத்தில் என் கைதான் சூடாக இருந்தது. இடது கொஞ்சம் சூடு மாதிரி என்றேன். சரி என்றாள். தண்ணீர் பிடித்த இருபது நிமிஷமும் இரண்டு பேரும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டோம். சீவின தலையை ஒருவரும் பார்க்கவில்லை.

நாலாம் நாள் நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நடுங்கினேன். "குளிருதா அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கையுறை அப்பாவின் மேசை லாச்சியில் இருக்கும் என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தக் கையுறையைத் தேடி எடுத்து, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஏழாம் நாள் பருப்புக்கு எப்போது உப்புப் போடுவது என்று கேட்டாள். எட்டாம் நாள் போனை அடுப்புப் பக்கம் வைத்துவிட்டுச் சமைத்தாள். நான் குதிரையின் காலைப் பார்த்துக்கொண்டு, வெங்காயம் காணாது மகள் என்றேன். அவளுக்குத் தமிழ் தடக்கித் தடக்கி வந்தது. ஆனால் வந்தது. பத்தாம் நாள், ஒரு பாடத்தில் தவறிவிட்டேன், திரும்ப எடுக்க வேண்டும் என்றாள். பிறகு, "அப்பாட்ட சொல்ல வேணாம் அம்மா."

சைக்கிளில் வரும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிள்ளை பரீட்சையில் தவறியதற்குச் சிரித்த தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நாலு மாதம் அந்தப் போனுக்கு முன்னால் நின்ற மனுஷனுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குப் பத்து நாளில் கிடைத்துவிட்டது. சிவா அன்றைக்குப் பேசும்போது, ஷாமினி என்ன சொன்னாள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை, கால் விஷயம்தான் என்றேன். சொல்லும்போது எவ்வளவு இனிப்பாக இருந்தது.

பிறகு ஒரு நாள் அவள் நத்தார், அதாவது கிறிஸ்மஸ் லீவுக் கதையை எடுத்தாள். கூட்டாளிகள் நோர்வேக்குப் பனிச்சறுக்கப் போகிறார்களாம், அவளுக்கும் ஓரிடம் வைத்திருக்கிறார்களாம், வியாழக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். ஃபிரேயாவின் கால் சரியென்றால் அவர்களோடு போவாள். சரியில்லை என்றால் விட்டுவிட்டுப் போக மனம் வராது, வீட்டுக்கு வந்து பார்ப்பாள். கால் சரியான பிறகு ஃபிரேயாவை லாயத்துச் சின்னப் பிள்ளை ஒருத்திக்குச் சவாரிக்கு விடவும் எண்ணமாம். தனக்கு இனி நேரம் கிடைக்காதாம். எல்லாவற்றையும் அவள் சும்மா சொல்லிக்கொண்டு போனாள். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

6

வியாழக்கிழமை எனக்கு லீவு. அதாவது இன்று. காலையிலேயே லாயத்துக்குப் போனேன். பண்டேஜைச் சுற்றிக்கொண்டிருக்கக் கிர்ஸ்டன் தள்ளுவண்டியோடு வந்து நின்றாள். இதை ஏன் இன்னும் சுற்றுகிறாய் என்று கேட்டாள். கால் சுகப்பட வேண்டாமா என்றேன். அவள் குனிந்து, கையுறையைக் கழற்றி, ஃபிரேயாவின் நாணை மேலிருந்து கீழே இரண்டு விரலால் தடவினாள். இந்தக் கால் ஒக்டோபரிலேயே சுகமாகிவிட்டது, ஸ்கேன் பண்ணிப் பார்த்து டொக்டர் சிவாவிடம் சொல்லும்போது நானும் நின்றேன் என்றாள். சிவா மகளிடம் சொல்வதாகச் சொன்னாராம். பிறகும் சுற்றுவதைக் கண்டு, நீங்கள் அளவுக்கு மிஞ்சிக் கவனம் எடுக்கிற ஆட்கள் என்று நினைத்துக்கொண்டாளாம்.

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன உடனே சிவாவுக்கு எடுத்தேன். அங்கே மத்தியானம் கழிந்திருந்தது. எடுத்த எடுப்பில் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கள்ளன் என்றேன். பெற்ற பிள்ளையை ஏமாற்றுகிறதுக்கு நாக்குக் கூசவில்லையா என்றேன். ஃபிரேயா காதைப் பின்னால் மடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. சிவாவின் பக்கத்தில் கடற்கரை ரெயின் போகிற சத்தம் கேட்டது.

"கால் சரியெண்டா அவள் ஏன் எடுப்பாள், ரீட்டா?"

எனக்குக் கோபம் முன்னைவிடக் கூடிற்று. பொய் சொன்னதற்கில்லை, சத்தியமாக இல்லை.

"அப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாம்தானே. ரெண்டு மாசம் தனியத் திண்டிருக்கிறீங்க. ஒரு நாள், ஒரேயொரு நாள், இண்டைக்கு நீ போ எண்டு சொல்லக் கூட மனம் வரேல்ல உங்களுக்கு."

"நீர் அவளிட்டச் சொல்லிப்போடுவீரெண்டு பயந்தனான்."

உண்மைதான். ஒக்டோபரில் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அவர்கள் இருவரும் கதைப்பதை நிறுத்துவதற்கென்றே சொல்லியிருப்பேன். அதை அவருக்குச் சொல்லவில்லை. இன்றைக்குப் பின்னேரம் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். பெரிய காப்பை வாங்கிக் கொடுத்து ஒருமுறை அந்தப் பிள்ளையை விழுத்தப் பார்த்தவள் நான், இன்னொருமுறை என்னால் முடியாது என்றேன். அவர் வாதாடவில்லை. "சொல்லும்," என்றார். பிறகு, "நான் வந்து நிக்கிற நேரம் சொல்லலாமே," என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

பகல் முழுக்க வீட்டைத் துடைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தமிழில் ஒன்று, டேனிஷில் ஒன்று என இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். டேனிஷில் உண்மை சொல்வது எனக்கு எப்போதும் லேசு, சொற்கள் குறைவு. டேனிஷிலேயே சொல்வதென்று முடிவெடுத்துக்கொண்டு ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்தேன்.

ஆறு மணிக்குக் கோல் வந்தது. ஷாமினியின் பின்னால் சிரிப்புச் சத்தம். கூட்டாளிகள் அறையில் இருக்கிறார்கள், இன்றைக்கு முடிவு சொல்ல வேண்டும் அல்லவா. அவள் ஒரு கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி அம்மா கால்?"

பண்டேஜை அவிழ்த்தேன். கையுறையைக் கழற்றினேன். முதலில் வலது காலைத் தொட்டேன், பிறகு இடதைத் தொட்டேன். இப்போது எனக்குத் தொட்டுப் பார்க்கத் தெரியும், மூன்று வாரம் பழகியிருக்கிறேன். இரண்டும் ஒரே குளிர். நாண் நேராக, வழுவழுவென்று, சின்ன வீக்கம்கூட இல்லாமல் இருந்தது. போனில் அவள் முகம் தெரிந்தது. வெட்டின தலைமயிர் காது வரை வளர்ந்திருந்தது. இன்றைக்குக் கீழே பிடிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடு இருக்கு மகள்," என்றேன். தமிழில்.

"வீக்கம்?"

"வீக்கமும் கொஞ்சம் இருக்கு."

அவள் பின்னால் திரும்பி ஏதோ சொன்னாள். சிரிப்புச் சத்தம் நின்றது. யாரோ ஒரு பிள்ளை ஐயோ என்கிற மாதிரி டேனிஷில் இழுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு ஷாமினி வெளியே வந்து நின்றாள்.

"அப்ப நான் வாறன் அம்மா. லீவு விட்ட அண்டைக்கே வாறன்."

இருபது நிமிஷம் தண்ணீர் பிடித்தேன். ஃபிரேயா ஒரு குழப்படியும் பண்ணாமல் நின்றது, நல்ல பிராணி.

வருகிற வாரம் அவள் வருவாள். பையை வாசலில் போட்டுவிட்டு நேரே லாயத்துக்குத்தான் போவாள். குனிந்து அந்தக் காலில் கை வைத்த இரண்டாவது வினாடியே அவளுக்குத் தெரிந்துவிடும், அவளை ஏமாற்ற முடியாது. கிர்ஸ்டன் மிச்சத்தைச் சொல்லுவாள். சிவாவுக்கும் எனக்கும் சேர்த்துக் கிழியும், நத்தார் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். வைத்திருக்கட்டும். எங்கள் வீட்டில் இருந்துகொண்டு வைத்திருப்பாள்.